பட்டுப் பாவாடைக்கு மேல் டைனோசர் பனியன்

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் என் ஐந்து வயது மகள், பட்டுப் பாவாடைக்கு மேல் கழுத்து வெளுத்துப்போன டைனோசர் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதைக் கழற்ற வைக்க முக்கால் மணி நேரம் போராடி, அவளை அழ வைத்து, நானும் அழாத குறையாக மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கிறது. அப்படியே கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தை ஏதாவது சொல்லியிருப்பார். அவர் எப்படியும் ஏதாவது சொல்லத்தான் போகிறார்.

அதற்கப்புறம், என்ன போடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய விட நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அலமாரி. கைக்கு எட்டாத உயரத்தில் துணியை அடுக்கிவிட்டு "நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிப் பயனில்லை. கீழ்த்தட்டைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். அதில் இந்த வெயிலுக்கோ மழைக்கோ ஒத்துவரும் துணி மட்டும் இருக்கட்டும், மே மாதத்தில் போட்டால் வேர்க்குரு வரவழைக்கும் பாலியஸ்டர் கவுனெல்லாம் பரணுக்குப் போகட்டும். கண்ணில் படுவது எல்லாமே போடக்கூடியதாக இருந்தால் நாம் "வேண்டாம்" சொல்ல வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளையிடம் "என்ன போடுற?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், திணறிப்போகும். மஞ்சளா நீலமா என்று இரண்டைக் காட்டுங்கள், அதுவும் முந்தின நாள் ராத்திரியே, பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது அல்ல. எதை எடுத்தாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். மஞ்சளை எடுத்ததும் "நீலம்தாண்டி உனக்கு எடுப்பா இருக்கும்" என்று இழுத்தீர்களானால் அடுத்த முறை உங்கள் கேள்வியை யாரும் மதிக்கப் போவதில்லை. சின்னப் பித்தான்கள் நான்கைந்து வயது வரை விரலுக்குச் சவால்தான், அதனால் எலாஸ்டிக் இடுப்பு, தலைவழி மாட்டும் பனியன் என்று வாங்கினால் தானே போட்டுக்கொள்ளும்.

சரி, எதற்கு விடக் கூடாது? என் வீட்டில் உடம்புக்குக் கெடுதல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. பட்டாசு வெடிக்கும்போது நைலான், பாலியஸ்டர் கூடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான். சைக்கிளிலும் சறுக்குமரத்திலும் துப்பட்டா, தொங்கும் கயிறு கூடாது. அப்புறம் கறுப்பு மெஹந்தி. அசல் மருதாணி ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்பாகத்தான் பிடிக்கும், கன்னங்கரேலென்று உடனே பிடிக்கும் கோனில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். கொப்புளமாகிக் கோலம் போட்ட இடத்திலேயே தழும்பு நிற்கலாம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரியவர்களான பின் தலைக்குச் சாயம் போடும்போதும் தொல்லை கொடுக்கும்.

மற்றபடி ஜோடி சேராத சாக்ஸ், மூன்று பின்னல், கோடு போட்ட சட்டைக்குப் பூப்போட்ட பாவாடை, இதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

பையன் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மொட்டை போடுவதற்கு முன்னால் பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ வைத்து போட்டோ எடுத்து ஹாலில் மாட்டியது நாம்தான். அதே பையன் ஆறு வயதில் அக்காவைப் பார்த்து நகப்பூச்சு கேட்டால் மட்டும் ஏன் வீடே அதிர வேண்டும்? பூசிவிடுங்கள், நாலு நாளில் உரிந்துவிடும். பள்ளியில் கேலி செய்யக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்கா தினமுமா என்று அவனையே கேளுங்கள்.

தீபாவளித் துணி எடுக்கும்போது கடைசி வாரத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போகாதீர்கள், அந்த நெரிசலில் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் இடுப்புதான். ஒரு மாதம் முன்னால், வார நாளில் போங்கள். தொகையை முன்பே சொல்லிவிட்டு அதற்குள் அவர்களையே எடுக்க விடுங்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள், ஆகவே ஓர் அளவு பெரிதாக எடுப்பது சரி. "வளர்ற புள்ள" என்று மூன்று அளவு தள்ளி எடுத்தால் அது பெட்டியில்தான் கிடக்கும்.

சொந்தக்காரர்கள் கேட்டால் "அவளே எடுத்துப் போட்டுக்கிட்டா அத்தை" என்று சிரித்துக்கொண்டே ஒரே வரியில் முடித்துவிடுங்கள். பிள்ளை முன்னால் மன்னிப்புக் கேட்கும் குரலில் மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, ஏன் அதை எடுத்தாய் என்று சண்டைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். நான் கேட்டது கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து. பட்டுச் சட்டையின் ஜரிகை அக்குளில் குத்துகிறதாம். டைனோசருக்கு அதில் சம்பந்தமே இல்லை, கையில் கிடைத்த மெத்தென்ற பனியன் அது. தையல்காரரிடம் கொடுத்து உள்ளே பருத்தி லைனிங் வைத்து வாங்கினேன். இப்போது சட்டையைப் போட்டுக்கொள்கிறாள், டைனோசர் பனியன் என் கைப்பையில் வருகிறது.