பால் பல்லில் வெள்ளைக் கோடு: கறுப்பாகும் முன் கவனிக்க வேண்டியவை

குழந்தையின் பல்லில் கறுப்பாக ஏதேனும் தெரிந்தால் வீடே பதறிப் போகிறது. வெள்ளையாகத் தெரிந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது, மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டினாற்போல், சாக்பீஸால் இழுத்தது போன்ற மெல்லிய கோடு ஒன்றைக் கண்டேன். இரவில் குடித்த பால்தான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன். ஈரம் பட்டதும் கோடு மங்கியதால், போய்விட்டது என்றே நம்பினேன். எட்டு மாதம் கழித்து அதே இடம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, ஒரு நாள் காலையில் இட்லி தின்றுகொண்டிருக்கும்போதே பல்லின் ஓரம் பெயர்ந்து வந்தது. "பால் பல்லுதானத்தா, விழுந்து முளைக்கப் போறதுதான, இதுக்கா அழுவுற?" என்று என் மாமியார் தேற்றினார். அவர் அன்போடு சொன்னார் என்றாலும், அந்தப் பேச்சை நம்பித்தான் பல வீடுகளில் காலம் கடந்துபோகிறது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும் என்பது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து சோற்றை மென்றாக வேண்டும், பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு இடத்தையும் காத்து வைத்திருக்க வேண்டும். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினால், அதன் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கும் கெடுதல் நேரலாம்.

ஆகவே பார்க்கத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. காலை வெளிச்சம் விழும் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் சேர எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, குழந்தையின் கால்கள் ஒருவர் பக்கமும் தலை மற்றவர் மடியிலும் இருக்கும்படி மல்லாக்கப் படுக்கவைத்தால், அழுகிற குழந்தையின் வாயைக்கூட அரை நிமிடத்தில் முழுமையாகப் பார்த்துவிடலாம். ஆள்காட்டி விரலால் மேலுதட்டை மூக்குப் பக்கமாக உயர்த்தி, உலர்ந்த பருத்தித் துணியால் பல்லை ஒற்றி எடுங்கள். எச்சில் ஈரம் இருக்கும்வரை தொடக்கநிலைச் சொத்தையின் வெண்மை கண்ணுக்குப் புலப்படாது. பல் உலர்ந்ததும் தெரியும். நான் ஈரத் துணியால் துடைத்து ஏமாந்தது இதனால்தான். பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் கடைவாய்ப் பற்களின் மேற்புறப் பள்ளங்களையும், மேல் முன்பற்களின் உள்பக்கத்தையும் பார்த்து, தெரிந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, மருத்துவருக்கும் அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது விளங்கும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சொத்தை ஆகாது. பல் முளைத்த நாளிலிருந்தே அங்கே இருந்து, மினுமினுப்போடு, பல்லின் நடுவிலோ நுனியிலோ காணப்படும் திட்டு பெரும்பாலும் பல் உருவானபோது ஏற்பட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமும், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் சரியாக உருவாகாத இத்தகைய இடங்களைக் காணலாம். அது தானாகப் பரவுவதில்லை, ஆனால் அந்த எனாமல் மென்மையாக இருந்தால் எளிதில் சொத்தையாகும் என்பதால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. இதற்கு மாறாக, முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றி, பளபளப்பு அற்று, சுண்ணாம்பு போல் வெளுத்து, ஈறின் வளைவை அப்படியே பின்பற்றி ஓடும் கோடுதான் சொத்தையின் ஆரம்பம். அந்த இடத்தில் எனாமலின் தாதுச்சத்து கரைந்துகொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் மட்டுமே பல் துளையிடப்படாமல், மருந்து அடைக்கப்படாமல், மீண்டும் இறுகி மினுமினுப்பைப் பெற முடியும். பழுப்பாகி மேற்பரப்பு உடைந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

மேல் முன்பற்கள் நான்கும் கெட்டு, கீழ் முன்பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால், காரணத்தை அதிக தூரம் தேட வேண்டாம்: இரவுப் புட்டிதான். பால் குடிக்கும்போது கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கே ஊறிக்கொண்டே இருக்கிறது. மேற்பற்களோ பாலில் நனைந்தபடி கிடக்கின்றன. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் கழுவிவிட ஏதுமில்லை. சீனி போட்ட பாலை வாயில் வைத்தபடியே தூங்கவைக்கும் பழக்கத்தை ஒரே இரவில் நிறுத்த முடியாது என்பதை நான் அறிவேன். எங்கள் வீட்டில் முதல் வாரம் சீனியை நிறுத்தினோம், அடுத்து நாளுக்கு நாள் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினோம், மூன்றாம் வாரம் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது; இரண்டு இரவு அழுகைக்குப் பிறகு அதையும் கேட்கவில்லை. தாய்ப்பாலை இதற்காக நிறுத்தத் தேவையில்லை. முதல் பல் முளைத்த பிறகு பல்லைத் தினமும் துலக்கிவிட வேண்டும், பிள்ளை பெரிதாகப் பெரிதாக இரவு முழுவதும் சப்பிக்கொண்டே கிடப்பதைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இன்னொரு நம்பிக்கையையும் பார்க்கிறேன். சீனி கெடுதல், கருப்பட்டியும் தேனும் நல்லது என்று எண்ணி, பருத்திப்பாலும் கருப்பட்டி மிட்டாயும் அளவில்லாமல் கொடுக்கிறார்கள். நிப்பிளைத் தேனில் தொட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது என்பது தனி விஷயம். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிக்குச் சீனி, கருப்பட்டி, தேன் எல்லாம் ஒன்றுதான். எதைத் தின்றாலும் அமிலத்தையே உண்டாக்கும். எவ்வளவு தின்கிறது என்பதைவிட எத்தனை தடவை தின்கிறது என்பதே பல்லுக்கு முக்கியம். பருத்திப்பாலைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்து ஒரு தடவை குடித்து முடிப்பதில் வரும் கெடுதலைவிட, ஒரு பாக்கெட் பிஸ்கட்டைச் சாயங்காலம் முழுவதும் கையில் வைத்துக் கொறிப்பதில் வரும் கெடுதல் அதிகம்.

பல் துலக்குவதில், முதல் பல் முளைத்த நாள் முதல் மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும், எனாமலை இறுகவைக்கும் தாதுவான ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும். காலையிலும், இரவு தூங்கப் போகும் முன்பும் பெரியவர் கையாலேயே துலக்கிவிட வேண்டும்; ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குத் தாமாகச் சரியாகத் துலக்க வராது. சாம்பல், செங்கல் பொடி, உப்பு, கரித்தூள் ஆகியவற்றால் கறையைத் தேய்த்து எடுக்க முயன்றால் கறையோடு எனாமலும் தேயும். கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்பவர்களிடம் குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். சொத்தைப் பல்லில் புழு இல்லை. அங்கே இருப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அந்தப் புகையால் குழந்தையின் வாய் வெந்துபோகக்கூடும்.

இனிக் கறுப்பைப் பற்றி. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மருந்து குடிக்கும் குழந்தையின் பல் கறுத்தால், அது மேலே படிந்த கறை. பல் மருத்துவர் மெருகிட்டு எடுத்துவிடுவார், இதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது. மருந்தைக் கன்னத்தின் உள்ளே பின்பக்கமாக ஊற்றி, உடனே தண்ணீர் கொடுத்தால் கறை குறையும். சில குழந்தைகளுக்கு ஈறு ஓரமாகப் புள்ளி புள்ளியாகக் கறுப்புக் கோடு வரும். ஒரு வகை பாக்டீரியாவால் வரும் இதுவும் சொத்தை ஆகாது. ஒற்றை முன்பல் மட்டும் சாம்பல் நிறமானால், சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்ட பல்லின் நிறம் நாள்பட மாறும், சிலருக்குத் திரும்பவும் வெளுக்கும். ஆனால் அதன் ஈறில் பரு போல ஒரு கொப்புளம் வந்தாலோ, பல் ஆடினாலோ காத்திருக்கக் கூடாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றியும் பேசாமல் முடியாது. மதுரை நகருக்கு வைகை ஆற்று நீர் வருகிறது. மேற்கே வறண்ட கரிசல், செவல் காட்டு ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணறுதான் கதி. திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டாரத்தில் சில கிணறுகளின் நீரில், அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லதான அதே ஃபுளோரைடு மிகுதியாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கு, இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரியாக வெள்ளைக் கீற்றுகளோ பழுப்புத் திட்டுகளோ வரும். பால் பற்கள் பெரும்பாலும் கர்ப்பத்திலேயே உருவாகிவிடுவதால் அவற்றில் இது குறைவாகவே தெரியும்; ஆனால் நிலையான முன்பற்களின் எனாமல் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருப்பதால், காக்க வேண்டிய காலம் அதுதான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்திதான் கூடும், ஆர்.ஓ. கருவி அதை நீக்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் அளவு மாறலாம் என்பதால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் உங்கள் தண்ணீரையே கொடுத்துச் சோதிப்பது சரி.

முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், நகரைச் சுற்றியுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவினரிடமும் பல்லைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு ஃபுளோரைடு பூச்சு போடுவார்கள். குழி விழுந்த பல்லில், துளையிட ஒத்துழைக்காத சிறு குழந்தைக்குச் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தைத் தடவுவதும் உண்டு. சொத்தை அங்கே கறுத்து, கெட்டியாகிப் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் கறுப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை, ஆனால் தடவும் முன்பே நிறம் மாறும் என்பதை அவர்கள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆறு வயதை நெருங்கும்போது இன்னொரு முறை கவனமாகப் பார்க்க வேண்டும். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும். பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடும் பல் இதுதான். அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுகளோடு வந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பிள்ளை முகத்தைச் சுளித்தால், முழுதாக வெளியே வரட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.