காருக்கு எந்த ஆயில், எங்கே மாற்றுவது?

எஞ்சின் ஆயிலை எங்கே மாற்றலாம் என்று விசாரிப்பதற்கு முன்பு, எந்த ஆயில் என்பதை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால்தான், எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே ஊற்றுவது சரியானதா என்று பார்க்க முடியும். விடை காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. ஆயிலின் கிரேடு, தரக்குறியீடு, எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் அதிலிருந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதுதான் கிரேடு. முதல் எண் சிறியதாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஆயில் விரைவாக மேலேறும் என்று பொருள். இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கும், 20டபிள்யூ-40 ஊத்திக்கலாம்" என்று சில மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தோடு சொல்வதுண்டு. பழைய எஞ்சின்களில் பழகிய கையின் அனுபவம் அது. ஆனால் இன்றைய எஞ்சின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆகிய எல்லாமே மெல்லிய ஆயிலை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், ஓடும் எஞ்சினின் வெப்பத்தைக் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவமும் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கின்றன. சில கார்களின் கையேட்டில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற மாற்றுக் கிரேடுகளின் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணைக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கிரேடைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது, ஆயில் எந்தத் தரத்தை நிறைவு செய்கிறது என்று காட்டும் தரக்குறியீடு. டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனைச் சேதப்படுத்தும் ஆபத்து உண்டு. அதைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டு 2020-இல் வந்தது, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சாதாரண டீசல் எஞ்சின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்க்கைகள் எரிவதால் உண்டாகும் சாம்பல் அந்த வடிகட்டியில் தங்கிவிடும். கரியைப் போல அதை எரித்து நீக்க முடியாது. எனவே ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏ.சி.இ.ஏ. சி வகை போன்ற குறைந்த சாம்பல் ஆயிலைக் கையேடு கேட்டால், அதில் பேரம் பேசாதீர்கள். குறியீடு பொருந்தினால் சர்வோ, மேக், கேஸ்ட்ரால், ஷெல் என எந்தப் பிராண்டு ஆயிலானாலும் சரிதான்.

இனி இடம். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். ஆயில் தொடர்பான எஞ்சின் பழுதுக்கு உரிமை கோரும்போது முதலில் கேட்கப்படுவது சர்வீஸ் பதிவுதான். ஆனால் அங்கேயும், செய்யப்போகும் வேலைகளைப் பட்டியலிடும் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன் ஆயிலின் கிரேடை எழுதச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாத எஞ்சின் ஃபிளஷ் (எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் திரவம்), ஆயில் சேர்மானம் ஆகியவை பட்டியலில் இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

வாரண்டி முடிந்தபின், பக்கத்துத் தெரு மெக்கானிக் ஷெட்டே பல நேரங்களில் மேலானது என்பது என் கருத்து. வேலை நம் கண்ணெதிரே நடக்கிறது, செய்பவரோடு நேரடியாகப் பேச முடிகிறது. நல்ல ஷெட்டை அடையாளம் காணச் சில கேள்விகள் போதும். நாம் வாங்கி வரும் ஆயிலைத் தயங்காமல் ஊற்றுவாரா? பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுவாரா? ஒவ்வொரு முறையும் ஃபில்டரை மாற்றுவாரா? அளவு பார்த்து ஊற்றுவாரா? ஆயில் அதிகமானாலும் நுரைத்து எஞ்சினுக்குக் கெடுதல் செய்யும். பழைய ஆயிலை என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். அது அபாயகரமான கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகவேண்டியதைச் சாக்கடையில் கொட்டுபவரிடம் காரைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆயிலை நீங்களே வாங்குவதானால், நிறுவனத்தின் இணையதளத்தில் பட்டியலிடப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். மூடியின் சீல், தயாரிப்பு மாதம், கேனில் கியூ.ஆர். குறியீடு இருந்தால் அதையும் சரிபாருங்கள். சந்தை விலையைவிட மிக மலிவாகக் கிடைக்கும் கேனை ஒதுக்குங்கள். ஃபில்டரும் கார் நிறுவனத்துடையதாகவோ பெயர்பெற்ற தயாரிப்பாகவோ இருக்கட்டும். காலியான கேனைப் போலி ஆயில் நிரப்புவோர் பயன்படுத்தாதபடி துளையிட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முன்னதோ அதுவே கெடு. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. ஈரமும் எரிபொருளும் ஆயிலில் கலந்து தங்கிவிடுவதால், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஆண்டுக் கெடுவைத் தள்ளிப்போடக் கூடாது.

மாற்றிய மறுநாள் காலை, வண்டி நின்ற தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் நுழைத்து அளவு பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறிக்கு அருகில் இருந்தால் சரி.