மொழியியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்புவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொள்ளும் மாணவர்களுக்குக் கருத்தரங்கம் என்றால் ஒரு பழகிய வடிவம் உண்டு: அழைப்பிதழ் வரும், கட்டணம் செலுத்தி முழுக் கட்டுரையையும் அனுப்பினால் அது ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தொகுப்பு நூலாகிவிடும், நூலோடு சான்றிதழும் கிடைக்கும். மொழியியல் மாநாடுகளில் பெரும்பாலானவை இவ்வாறு நடப்பதில்லை. அங்கே முதலில் ஓரிரு பக்கச் சுருக்கம் மட்டுமே கேட்கப்படுகிறது. எழுதியவர் யார் என்று தெரியாத இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்து மதிப்பெண் இடுகிறார்கள். பேச வாய்ப்புண்டா இல்லையா என்பதை அந்தப் பக்கங்களே தீர்மானிக்கின்றன. ஆகவே அதை வரப்போகும் கட்டுரைக்கு முன்னுரை என்று எண்ணாமல், அளவில் சிறியதாயினும் முடிவு வரை சொல்லிவிடும் ஒரு கட்டுரையாகவே எழுத வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1928இல் தொடங்கப்பட்ட இந்திய மொழியியல் கழகத்தின் மாநாடும், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட திராவிட மொழியியல் கழகத்தின் மாநாடும் நம் ஆய்வுகளுக்கு இயல்பான இடங்கள். சாலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தெற்காசிய மொழிகள் பகுப்பாய்வு வட்டமேசை பல அணுகுமுறைகளுக்கும் இடம் தருவது. தெற்காசிய மொழிகளுக்கான ஃபசல் மாநாடு, வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல், பொருளை ஆராயும் பொருண்மையியல் போன்றவற்றில் வடிவக் கோட்பாட்டு ஆய்வுகளையே எதிர்பார்ப்பது. அறிவிப்புகளைத் தேட 1990 முதல் இயங்கிவரும் லிங்குவிஸ்ட் லிஸ்ட் என்னும் மொழியியலாளர்களுக்கான இணையத்தளம் போதும். அனுப்பிய இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லி, ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழில் வெளியிட்டுத் தருவதாக உறுதியளித்து, உடனே பணம் கட்டச் சொல்லும் மின்னஞ்சல்களை மட்டும் திறந்த வேகத்திலேயே மூடிவிடலாம்.

இனி எழுதுவதற்கு வருவோம். நம் பகுதியிலிருந்து எழுதப்படும் சுருக்கங்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன: "மொழி என்பது கருத்துப் பரிமாற்றக் கருவியாகும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் பேசப்படுகின்றன. இவற்றின் தாக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது." சொல்லப்பட்டவை எல்லாம் உண்மைதான், ஆனால் மதிப்பீட்டாளர் இதில் ஒரு கேள்வியையும் காண மாட்டார். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒரே கடைவாசலில் மூன்று மொழிகள் கேட்கும் என்பது நமக்குக் கிடைத்த வளம். அதுவே கண்டுபிடிப்பு ஆகிவிடாது.

அதே களத்திலிருந்து, எடுத்துக்காட்டுக்காக மட்டும், ஒரு கேள்வியை உருவாக்கிப் பார்ப்போம். தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'நாம்', விலக்கிச் சொல்ல 'நாங்கள்' என இரண்டு வடிவங்கள் உள்ளன. தெலுங்கிலும் 'மனமு', 'மேமு' என்று இந்த வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் 'நாவு' என்ற ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. அப்படியானால் தளி வட்டாரத்தில் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் தமிழ் பேசும்போது இந்த வேறுபாடு மங்குகிறதா, தெலுங்கு வீட்டினரிடம் அது நிலைத்து நிற்கிறதா என்று கேட்கலாம். இரு குழுவினரிடமும் ஒரே அளவில் மங்கினால் வீட்டுமொழியைக் காரணமாகக் காட்ட முடியாது; கன்னட வீட்டினரிடம் மட்டும் மங்கினால் காட்டலாம். எந்தத் தரவு கிடைத்தால் தம் கருத்து தோற்கும் என்பதை எழுதியவரே சொல்லிவிடும் சுருக்கத்தைத்தான் மதிப்பீட்டாளர்கள் நம்புகிறார்கள்.

கேள்வியை முதல் மூன்று நான்கு வரிகளுக்குள் வைத்து, அடுத்த வரியிலேயே உங்கள் விடையையும் சொல்லிவிடுங்கள். "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று எழுதுவதைப் போல் ஒரு சுருக்கத்தைக் கெடுப்பது வேறொன்றில்லை. தரவு இன்னும் சேகரிக்கப்படவில்லை என்றே அது படிக்கப்படும். எத்தனை பேரிடம், எந்த வயதினரிடம், உரையாடலைப் பதிவு செய்தா படத்தைக் காட்டிப் பேசச் செய்தா தரவு பெற்றீர்கள் என்பது இரண்டு வாக்கியங்களில் அடங்கும். முன்னாய்வுகளில் உங்கள் கேள்வியைத் தொடுபவற்றை மட்டும் சொல்லுங்கள். எல்லைப்புற மொழிக்கலப்பைப் பற்றி எழுதுபவர், மராட்டிய–கன்னட எல்லையிலுள்ள குப்வார் என்னும் ஊரைப் பற்றி மொழியியலாளர்கள் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வைத் தொடாமல் போனால், அங்கே கண்டதற்கும் இங்கே காண்பதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி மதிப்பீட்டாளரிடமிருந்து தவறாமல் வரும்.

தரவு வாக்கியங்கள்தாம் சுருக்கத்தின் உயிர். அவற்றை லைப்சிக் உரைவிதிகள் என்று அறியப்படும் முறைப்படி மூன்று வரிகளில் தர வேண்டும்: முதல் வரியில் உருபுகளாக, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளாக, பிரித்த வாக்கியம், அடுத்த வரியில் ஒவ்வோர் உருபுக்கும் நேர் கீழே அதன் பொருள் அல்லது இலக்கணக் குறியீடு, மூன்றாம் வரியில் முழு வாக்கியத்தின் பொருள். 'நாங்க சந்தை-க்கு போ-ன்-ஓம்' என்று எழுதினால் இரண்டாம் வரியிலும் சந்தைக்கு ஒரு சிறுகோடு, வினைக்கு இரண்டு சிறுகோடுகள் என்று எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும்; ஒத்துவராத வரியை மதிப்பீட்டாளர் கண் முதலில் பிடித்துவிடும். இவ்வாறு பிரிக்கும்போதே ஆய்வும் கூர்மை பெறுகிறது. 'ஓம்' என்ற விகுதி நாம், நாங்கள் இரண்டுக்கும் பொது. ஆகவே எழுவாய் தொக்கி நிற்கும் 'சந்தைக்குப் போனோம்' போன்ற வாக்கியங்கள் மேற்சொன்ன கேள்விக்குச் சான்றாகா என்பது அந்த ஒரு வரியைப் பிரித்ததும் விளங்கிவிடும்.

அளவு விதிகள் மாநாட்டுக்கு மாநாடு மாறும். சிலர் 300 சொற்களும் சிலர் 500 சொற்களும் கேட்பார்கள். வேறு சிலர் ஏ4 தாளில் ஒரு பக்கமும், எடுத்துக்காட்டுகளுக்கும் துணைநூல்களுக்கும் இன்னொரு பக்கமும் அனுமதிப்பார்கள். ஓரத்தைக் குறுக்கி, எழுத்தைச் சிறிதாக்கி இடம் பிடிக்க முயல வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், மற்றவர் கணினியில் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் எழுதி, ஒலிக்குறியீடுகளுக்கு சாரிஸ் எஸ்ஐஎல் அல்லது டூலோஸ் எஸ்ஐஎல் எழுத்துருவைப் பயன்படுத்தி, பிடிஎஃப் ஆக்கிய பின் அதை வேறொரு கைப்பேசியில் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

பெயர் மறைப்பு விதியை மீறினால் படிக்காமலேயே தள்ளிவிடும் மாநாடுகள் உண்டு. தலைப்பின் கீழ் பெயரை நீக்குவதோடு கோப்பின் பண்புகள் பகுதியில் உங்கள் பெயரோ நெறியாளர் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். "என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி" என்று எழுதாமல், உங்களையும் பிறரைப் போலவே படர்க்கையில் குறிப்பிடுங்கள். தரவு தந்தவர்களின் பெயரும் வரக்கூடாது. தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியின் இருளர் குடியிருப்புகளைப் போன்ற சிற்றூர்களில் ஊர்ப்பெயரோடு வயதையும் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது முறை.

அனுப்புவது பெரும்பாலும் ஈசிசேர் போன்ற, மாநாட்டுச் சுருக்கங்களைப் பெறும் இணையத்தளங்களின் வழியாகவே நடக்கிறது. உட்துறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் கவனம் தேவை, ஏனெனில் உங்கள் சுருக்கம் எந்த மதிப்பீட்டாளரிடம் போகும் என்பது பெரிதும் அதைப் பொறுத்தது. மேடையில் உரையா, ஆய்வைத் தாளில் அச்சிட்டு வைத்து விளக்கும் சுவரொட்டியா என்று கேட்டால் இரண்டுக்கும் சம்மதம் எனக் குறிப்பது வாய்ப்பைக் கூட்டும். ஒருவர் தனியாக ஒன்று, கூட்டாக ஒன்று என்ற வரம்பு பல இடங்களில் இருப்பதால் நெறியாளரின் பெயரைச் சேர்க்கும் முன் அவர் வேறு எதிலும் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். கெடு நேரம் 'பூமியில் எங்கேனும்' என்ற, உலகில் கடைசியாக நாள் முடியும் நேர மண்டலத்தின் கணக்கில் இரவு 11.59 என்று குறிக்கப்பட்டிருந்தால், அது நமக்கு மறுநாள் மாலை 5.29 மணி.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைப் படிவம் காட்டும்போது நம் தலைப்பெழுத்துப் பழக்கம் சிக்கலை உண்டாக்கும். கடவுச்சீட்டில் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். சுருக்கம் ஏற்கப்பட்டால் விசாவுக்கான அழைப்புக் கடிதம் அந்தப் பெயரிலேயே வரும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முடிவு வரும்வரை காத்திராமல், சுருக்கத்தை அனுப்பிய வாரத்திலேயே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.