ஸ்டெல்லாரியத்த நம்ம இஷ்டத்துக்கு ஓப்பன் பண்ணுறது எப்படி

காசிமேடு மொட்டமாடில நின்னு பாத்தா ஹார்பர் லைட்டுல பாதி நட்சத்திரம் காணாமப் போயிடும், அதனால ஏரியா பசங்களுக்கு வானத்த காட்ட ஸ்டெல்லாரியம்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் தான் நமக்கு கை கொடுக்குது. ஒவ்வொரு வாட்டியும் மெனுல போய் தேதி மாத்திட்டு இருக்க வேணாம்பா, கமாண்ட் லைன் ஆப்ஷன் போதும், அதாவது சாஃப்ட்வேர் திறக்கும்போதே எப்படி திறக்கணும்னு எழுதிக் கொடுக்குற கட்டளை.

விண்டோஸ்ல டெஸ்க்டாப் ஷார்ட்கட்ட ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் போங்க, டார்கெட் பெட்டில இருக்குற பாதை மேற்கோள் குறியோட முடியும், அதுக்கு வெளிய ஒரு ஸ்பேஸ் விட்டுட்டு தான் ஆப்ஷன் எழுதணும். உள்ள எழுதிட்டா ஓப்பனே ஆகாது. எல்லா ஆப்ஷனுக்கும் முன்னாடி ரெண்டு ஹைபன்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்த காட்டணுமா? ஸ்கை-டேட், ஈக்வல், 20191226, இடையில கோடு புள்ளி எதுவும் கூடாது. ஸ்பேஸ் விட்டு ஸ்கை-டைம், ஈக்வல், 09:30:00. திண்டுக்கல்ல வளையமா தெரிஞ்சுது, நம்ம சென்னைல வளையம் இல்ல, பகுதி கிரகணம் தான், ரெண்டு ஊரையும் மாத்தி மாத்தி காட்டுங்க, பசங்களுக்கு சட்டுனு புரியும்.

லேண்ட்ஸ்கேப் ஆப்ஷன்ல ஓஷன் போட்டா சுத்தி கடல் வரும், நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ஃபுல்-ஸ்கிரீன்னுக்கு நோ கொடுத்தா விண்டோவா திறக்கும்.

ரெஸ்டோர்-டிஃபால்ட்ஸ் மட்டும் யோசிச்சு போடுங்க, பழைய செட்டிங்ஸ் ஃபைல் மேலயே புதுசா எழுதிடும், முதல்ல அத ஒரு காப்பி எடுத்து வெச்சிடுங்க.