கோல்ஃப் கோர்ஸ்ல பாட்டு போடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோர்ஸ்ல சுத்துற சின்ன வண்டியான கார்ட்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர மாட்டிட்டு பாட்டு கேட்டுக்கிட்டே ஆடுறது இப்போ ரொம்ப சாதாரணமாயிடுச்சு. காந்தத்தால கார்ட் கம்பியில அப்படியே ஒட்டிக்கிறது, பட்டன அமுக்குனா கிரீனுக்கு (குழி இருக்குற வழவழப்பான புல்தரை) இன்னும் எவ்ளோ தூரம்னு ஜிபிஎஸ் பாத்து வாய்விட்டு சொல்றதுன்னு கோல்ஃபுக்குன்னே தனியா ஸ்பீக்கர் எல்லாம் வருது. எனக்கு பாட்டோட ஆடுறது பிடிக்கும், அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா கோர்ஸ்ல மனஸ்தாபம் வர்ற விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு, பெரும்பாலும் பாட்ட விட அத போடுற விதத்தாலதான் வருது. உங்க பாட்டு உங்க குரூப்ப தாண்டி யாருக்கும் கேக்கக்கூடாது, குரூப்ல இருக்குறவங்களும் மனசார சரின்னு சொல்லியிருக்கணும். கீழ சொல்ற தப்பு முக்கால்வாசி இந்த ரெண்டுல ஒண்ண விட்டதால வர்றதுதான்.

கேக்காம போடுறது, இல்ல போட்டுட்டு கேக்குறது

தனியாவோ ரெண்டு பேராவோ போனா ஆட்டத்த தொடங்கி வைக்கிற ஸ்டார்ட்டர் உங்கள முன்னப்பின்ன தெரியாதவங்க கூட சேத்து விடுவாரு. முதல் டீயில (ஹோலோட முதல் அடி அடிக்கிற இடம்) கைகுலுக்கி பேர் சொல்லி முடிக்கும்போதே ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டிருக்கும், அப்புறம் "உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லயே?"ன்னு ஒரு கேள்வி. இதுக்கு யாருங்க பிரச்சனைதான்னு சொல்லுவா? இன்னும் நாலு மணி நேரம் இவங்க கூடத்தான் ஆடணும், எதுக்கு வம்புன்னு சிரிச்சிட்டு பரவால்லன்னுடுவாங்க, உள்ளுக்குள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் கடுப்பாயிட்டே இருப்பாங்க. அதனால ஸ்பீக்கர் பையிலயே இருக்கும்போது கேளுங்க. கேக்குற விதமும் முக்கியம். "பாட்டு இல்லாம ஆடுறதுதான் உங்களுக்கு பிடிக்கும்னா எனக்கும் அது ஓகேதான்"னு நீங்களே முதல்ல சொல்லிட்டீங்கன்னா, வேணாம்னு சொல்ல அவங்களுக்கு சங்கடமே இருக்காது. ஒருத்தர் தயங்குனாலும் வேணாம்னே எடுத்துக்கங்க, இதுல மெஜாரிட்டி பாக்கக்கூடாது.

நடுவுல மனசு மாறவும் வாய்ப்பு உண்டு. ஜாலியா ஆரம்பிச்சவர் ரெண்டு மூணு ஹோல் மோசமா ஆடிட்டு முகம் சுண்டிப் போய் நிப்பாரு, அப்போ அவர் வந்து கேக்குறவரைக்கும் காத்திருக்காம நீங்களே அணைச்சிடுறது நல்ல பழக்கம்.

கார்ட்ல உக்காந்துக்கிட்டு சவுண்ட முடிவு பண்றது

இதத்தான் கிட்டத்தட்ட எல்லாருமே பண்றாங்க. கார்ட் ஓடும்போது வர்ற சத்தத்துல பாட்டு சரியா கேக்கலன்னு ஏத்துவாங்க, கார்ட் நின்னதும் குறைக்க மறந்துடுவாங்க. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமாரா 6 டெசிபல்தான் குறையும். ஒரு மீட்டர்ல 80 டெசிபல்னு வச்சுக்கங்க, 2 மீட்டர்ல 74, 4 மீட்டர்ல 68, இப்படியே போனா 64 மீட்டர் தள்ளியும் 44 டெசிபல் இருக்கு, அமைதியான கோர்ஸ்ல அது காதுல விழும். பக்கத்து ஃபேர்வே, அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவுல இருக்குற புல்வெளி, பல இடத்துல அந்த தூரத்துக்குள்ளதான் இருக்கு.

இதுல பேஸ், அதாவது பாட்டுல வர்ற கீழ் ஸ்தாயி சத்தம், இன்னொரு தொல்லை. கூர்மையான சத்தத்த காத்து வழியிலயே கொஞ்சம் உறிஞ்சிடும், கீழ் ஸ்தாயி சத்தம் அவ்ளோ சீக்கிரம் குறையாது, அதனால தூரத்துல நிக்கிறவருக்கு பாட்டோட வரியோ மெட்டோ எதுவுமே கேக்காது, தும் தும்னு இடிக்கிறது மட்டும் வந்துட்டே இருக்கும். ஆப்ல ஈக்வலைசர் இருந்தா பேஸ குறைச்சு வைங்க. விடியக்காலையில இன்னும் கவனமா இருக்கணும், தரைய ஒட்டி குளிர்ந்த காத்தும் அதுக்கு மேல சூடான காத்தும் இருக்கிறப்போ சத்தம் மேல போகாம கீழயே வளைஞ்சு வர்றதால ரொம்ப தூரம் கேக்கும், தண்ணிக்கு மேலயும் இதே கததான். குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற கிரீனுக்கு எங்க பாட்டு எங்க போகப் போவுதுன்னு நினைக்காதீங்க, நல்லாவே போகும்.

சவுண்டு சரியான்னு பாக்க ஒரு வழிதான் இருக்கு. கார்ட நிறுத்திட்டு ஒரு முப்பது நாப்பது அடி எடுத்து வச்சு நடந்து போய் திரும்பி நின்னு கேளுங்க, வரி புரியுதுன்னா அதிகம், இடி மட்டும் கேட்டாலும் அதிகம்தான். கார்ட் பக்கத்துல நின்னு ஒருத்தர் சாதாரண குரல்ல பேசுனா பாட்டு அதுக்கு கீழ இருக்கணும், அவ்ளோதான் அளவு.

ஒருத்தர் அடிக்கப் போகும்போது டக்குனு நிறுத்துறது

இத மரியாதைன்னு நினைச்சுத்தான் பண்றாங்க, அதான் வருத்தமா இருக்கு. ஒருத்தர் பந்த குழிக்குள்ள உருட்டி விடுற பட் அடிக்க குனிஞ்சு நின்னு லைன் பாத்து மூச்ச அடக்கியிருப்பாரு, அந்த நேரத்துல பாட்டு பொசுக்குனு நின்னுடும். கவனத்த கலைக்கிறது சத்தத்த விட சத்தத்துல வர்ற திடீர் மாற்றம்தான், ஒரே சீரா மெல்லமா ஓடுற ஓசைய மனசு கொஞ்ச நேரத்துல ஒதுக்கிடும், அது சட்டுனு நின்னாலும் சட்டுனு ஆரம்பிச்சாலும் காது அங்க ஓடும். அரிசோனாவுல நடக்குற ஃபீனிக்ஸ் ஓபன்ல 16-வது ஹோல் பாத்திருப்பீங்க, மூணு அடியில முடிக்க வேண்டிய சின்ன பார் 3, சுத்தி ஸ்டேடியம் கட்டி ஆயிரக்கணக்கான பேர் உக்காந்து கத்துவாங்க, அதுலயும் ஆடத்தான் செய்றாங்க. விடாம வர்ற இரைச்சல விட அமைதியில ஒரே ஒருத்தர் இருமுறதுதான் ஆடுறவர அதிகமா உலுக்கும்.

அதனால கிரீன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே, கார்ட் நிறுத்தும்போதே அணைச்சிடுங்க, எல்லாரும் ஹோல்ல போட்டு முடிச்சு கிளம்புன அப்புறம் திரும்ப போடுங்க. டீயிலயும் அப்படித்தான். இன்னொண்ணு, பக்கத்து ஹோல்ல யாராவது அடிக்க நிக்கும்போது நீங்க அந்தப் பக்கமா கார்ட ஓட்டிட்டு போனா நீங்களும் உங்க பாட்டும் அவருக்கு திடீர்னு வர்ற சத்தம்தான், அங்கயும் முன்னாடியே நிறுத்திட்டு அவர் அடிச்சதும் போங்க.

கார்ட எங்க நிறுத்துறோம்னு பாக்காதது

நிறைய கோர்ஸ்ல ஒரு கிரீன முடிச்சதும் அடுத்த டீ பக்கத்துலயே இருக்கும். நீங்க அடுத்த டீய ஒட்டி கார்ட விட்டுட்டு கிரீன்ல நிப்பீங்க, அங்க முன்னாடி குரூப் டிரைவ் (முதல் நீள அடி) அடிக்க காத்திட்டிருப்பாங்க, உங்க ஸ்பீக்கர் அவங்க முதுகுக்கு பின்னாடி பாடிட்டிருக்கும். கோர்ஸ் ஓரமா வீடுங்க இருந்தாலும் அதே கவனம் வேணும், அங்க இருக்குறவங்க ஆட வரல, காலையில தூங்கிட்டு இருப்பாங்க.

போன்ல வர்றது எல்லாம் ஸ்பீக்கர்ல வர்றது

பாட்டு மெல்லமாத்தான் ஓடும், திடீர்னு ரிங்டோன் அலறும், இல்ல மெசேஜ் சத்தம், இல்ல இலவச ஆப்ல நடுவுல வர்ற விளம்பரம், அது பாட்ட விட சத்தமா கேக்கும். அடிக்க கிளப்ப பின்னாடி ஓங்குற பேக்ஸ்விங் நடுவுல இது வந்தா அடிச்ச ஷாட் கத அவ்ளோதான். டோன்ட் டிஸ்டர்ப் போட்டுடுங்க, பாட்ட டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. ஆபாச வரி இருக்குற பாட்டு, கெட்ட வார்த்தை வர்ற பாட்டு வேணாம், கோர்ஸ்ல சின்னப் பசங்களும் ஆடுறாங்க.

காதுக்கு கேக்க வேண்டியது கேக்காம போறது

நான் இதுல மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன். பந்து தப்பான பக்கம் பறந்தா "ஃபோர்!"னு கத்துவாங்க, அது காதுல விழுந்தாத்தான் தலைய மூடிக்க முடியும். சத்தமா பாட்டு ஓடுனா விழாது, ரெண்டு காதுலயும் இயர்பட்ஸ் மாட்டி வெளிச்சத்தம் வராம அடைச்சிருந்தா சுத்தமா விழாது. போட்டியில இடி மின்னல் மாதிரி ஆபத்துன்னா நீளமா ஒரே சைரன் ஊதுவாங்க, அது உடனே ஆட்டத்த நிறுத்தணும்னு அர்த்தம். மூணு தடவ விட்டு விட்டு ஊதுனா சாதாரணமா நிறுத்துறது, ரெண்டு சின்ன ஊதல்னா திரும்ப ஆரம்பிக்கலாம். இது உங்க பாட்டுல அமுங்கிடக்கூடாது. யாருக்கும் தொல்ல வேணாம்னு இயர்பட்ஸ் போடுறவங்க ஒரு காத காலியா விடுங்க, இல்ல வெளிச்சத்தம் உள்ள வர்ற மோட் போடுங்க.

போட்டியிலயும் இதே மாதிரின்னு நினைக்கிறது

நிறைய பேர் விதிப்படி பாட்டே கூடாதுன்னு சொல்றாங்க, அது தப்பு. கோல்ஃப் விதி 4.3 பின்னணியில பாட்டு கேக்குறத அனுமதிக்குது. கூடாதுன்னு சொல்றது ரெண்டு விஷயத்துக்குத்தான், சுத்தி இருக்குற இரைச்சல் கேக்காம இருக்கணும்னு பாட்டு போட்டுக்கிறது, ஸ்விங்கோட தாளத்துக்கு உதவியா பாட்டு கேக்குறது. மாட்டுனா முதல் தடவை ஸ்ட்ரோக் பிளேல (மொத்த அடிய எண்ணுற ஆட்டம்) ரெண்டு ஸ்ட்ரோக் அபராதம், மேட்ச் பிளேல (ஹோல் ஹோலா ஜெயிக்கிற ஆட்டம்) அந்த ஹோலே போச்சு, மறுபடியும் பண்ணா வெளியேத்திடுவாங்க. இது போக, போட்டி நடத்துற கமிட்டி லோக்கல் ரூல் போட்டு ஸ்பீக்கரையே தடை பண்ணலாம். விதி 1.2-ல மத்தவங்க ஆட்டத்த கலைக்கக்கூடாதுன்னு தனியா வேற இருக்கு. லிவ் கோல்ஃப்ங்கிற தொழில்முறை லீக்ல 2022-ல ஆரம்பிச்சதுலேருந்து பாட்டு போட்டுத்தானே ஆடுறாங்கன்னு கேப்பீங்க, ஆமா, ஆனா அங்க பாட்டு போடுறது போட்டிய நடத்துறவங்க, ஆடுற எல்லாருக்கும் அது முன்னாடியே தெரியும். உங்க கோர்ஸ் என்ன சொல்லுதுன்னு ப்ரோ ஷாப்ல (கோர்ஸோட கடையும் அலுவலகமும்) ஒரு வார்த்த கேட்டுடுங்க, சில இடத்துல சுத்தமா கூடாது, சில இடத்துல கார்ட்லயே ஸ்பீக்கர் வச்சு குடுக்குறாங்க.

அடுத்த குரூப்போட பாட்டுக்காக தூரத்துலேருந்து கத்துறது

இந்தப் பக்கமும் தப்பு நடக்குது. ஃபேர்வேல நின்னு கைய ஆட்டி கத்துனா அவங்களுக்கு பாட்டு சத்தத்துல கேக்கவும் கேக்காது, கேட்டாலும் கோவம்தான் வரும், அதுக்குள்ள இன்னும் ரெண்டு குரூப் ஆட்டத்த நிறுத்தி உங்களப் பாக்கும். கிரீன்லயோ டீயிலயோ ரெண்டு குரூப்பும் கிட்ட வர்ற வரைக்கும் பொறுத்து, "பாட்டு எங்க வரைக்கும் கேக்குதுங்க, கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் அவ்ளோ தூரம் கேக்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது, உடனே குறைச்சிடுவாங்க. கேட்டும் குறைக்கலன்னா திரும்ப வாதம் பண்ணாம கோர்ஸ்ல சுத்தி மேற்பார்வை பாக்குற மார்ஷல்கிட்டயோ ப்ரோ ஷாப்புக்கோ போன் பண்ணி எந்த ஹோல், எந்த கார்ட்னு சொல்லிட்டு ஆட்டத்த தொடருங்க.