ஜப்பான் சின்ன ஊர் ராமென் கடைக்குப் போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

டோக்கியோல ரெண்டு ராமென் (சூப்ல போட்டுத் தர்ற நூடுல்ஸ்) கடைல சாப்பிட்டுட்டு சின்ன ஊர்லயும் அப்படியேதான் இருக்கும்னு கெளம்பிப் போறவங்கதான் பாதிப் பேர், அங்கதான் சொதப்பல் ஆரம்பிக்குது. ஊர்ப்பக்கக் கடைல பல இடத்துல வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருதான் வேலை பாப்பாங்க, காலைல வச்ச சூப் தீந்துச்சுன்னா அன்னிக்கு கடை முடிஞ்சுது.

ஃபுகுஷிமா பக்கம் கிதகதான்னு ஒரு ஊர் இருக்கு. 1920கள்ல சீனாவுல இருந்து வந்த ஒருத்தர் தள்ளுவண்டில நூடுல்ஸ் வித்து ஆரம்பிச்சு வச்சது, இன்னிக்கு அந்தச் சின்ன ஊர்ல நூறு கடைக்குப் பக்கத்துல இருக்கு. அங்க காலைலயே ராமென் சாப்பிடறது பழக்கம், அதுக்கு பேரே அசரா. பன்னாய் ஷொகுடோ மாதிரி கடையெல்லாம் காலை 7 மணிக்கே திறந்துருவாங்க. நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா கோட்டை, கோயில் எல்லாம் சுத்திட்டு நைட் டின்னருக்குப் போய் நிக்கறாங்க, நெறைய கடை மதியத்தோட மூடியாச்சு. மேப்ல திறந்திருக்குன்னு போட்டிருக்கேன்னு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, வாசல்ல நோரென்னு சொல்ற திரைத்துணி தொங்குதான்னு பாருங்க, அதை உள்ள எடுத்து வச்சிட்டாங்கன்னா அவ்ளோதான், கதவைத் தட்டாதீங்க. வார லீவும் கடைக்குக் கடை மாறும், ஞாயித்துக்கிழமைதான் லீவுன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க.

அடுத்தது காசு. கார்டை மட்டும் நம்பிப் போகாதீங்க. காசு போட்டு சாப்பாட்டு டிக்கெட் எடுக்கற மெஷின் வச்சிருக்கற கடைலயும் மெஷின் பழசா இருந்தா 2024 ஜூலைல வந்த புது நோட்டை வெளில துப்பிரும், 2021ல வந்த புது 500 யென் காசைக்கூட சிலது எடுக்காது. 100 யென் காசா கொஞ்சம் பையில போட்டுக்கங்க, பின்னாடி க்யூ நிக்கறப்போ மெஷினோட மல்லுக்கட்ட வேண்டாம். டிப்ஸும் வேண்டாம், வாங்க மாட்டாங்க.

பத்து சீட்டுதான் இருக்கும், அதனால நாலு பேர் போய் ரெண்டு பவுல் வாங்கி ஷேர் பண்றது ரொம்ப தப்பு. ஆளுக்கு ஒண்ணு வாங்கணும், வயித்துல இடம் இல்லன்னா வெளில நில்லுங்க. ஒருத்தர் உள்ள போய் மூணு சீட்டுக்கு துண்டு போடற வேலையும் வேண்டாம்.

வீடியோ பாத்துட்டு எல்லா கடைலயும் பரிகதா, கைதமான்னு கேக்கறது இன்னொரு கூத்து. நூடுல்ஸை நல்லா விறைப்பா கேக்கறது, தீந்ததும் மிச்ச சூப்புக்கு இன்னொரு உருண்டை நூடுல்ஸ் வாங்கிக்கறது, இதெல்லாம் ஃபுகுவோகா ஊர்ல இருக்கற ஹகதா பக்கத்து மெல்லிசு நூடுல்ஸ் கடை வழக்கம். கிதகதா நூடுல்ஸ் தடிமனா, தட்டையா, சுருள் சுருளா இருக்கும், தண்ணி நெறைய விட்டுப் பிசைஞ்ச மாவு, மெத்துனு இருக்கறதுதான் அதோட அழகே. நிறைய வேணும்னா முதல்லயே ஓமொரின்னு சொல்லிருங்க. வந்த உடனே மிளகுத்தூளைக் கொட்டாம ஒரு வாய் சூப் குடிச்சுப் பாருங்க. சர்ருனு சத்தமா உறிஞ்சலாம், யாரும் முறைக்க மாட்டாங்க, ஆனா பத்து நிமிஷம் போட்டோ எடுத்தீங்கன்னா நூடுல்ஸ் ஊறிப் போயிரும். சூப்பை முழுசா குடிச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, உப்பு ஜாஸ்தி. சாப்பிட்டதும் எந்திரிச்சிருங்க, கதை பேசறதெல்லாம் டீக்கடைல.

நம்மாளுங்க பண்றதுலயே பெரிய தப்பு இதுதான்: மேல இருக்கற பன்றிக்கறிய எடுத்துட்டா சைவம் ஆயிரும்னு நினைக்கறது. சூப்பே பன்றி எலும்பும் காஞ்ச மத்தியும் போட்டுக் கொதிக்க வச்சது, கறி இல்லாம குடுங்கன்னு கெஞ்சினாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. சரி பக்கத்துல சோபாங்கற இன்னொரு வகை நூடுல்ஸ் கடைக்குப் போலாம்னா அந்த சூப்லயும் மீன் இருக்கும். பன்றி சாப்பிடாதவங்களும், சுத்த சைவமும் இந்தக் கடைகளை விட்டுருங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி (சோத்து உருண்டை) கிடைக்கும், போன்ல லேபிளை மொழிபெயர்த்துப் பாத்துட்டு வாங்கிக்கங்க.