டைவிங் காற்றுக்கான சிஓ மீட்டர்: ஜீரோவைச் சரியாக வையுங்கள், மற்றது தானாக வரும்

பெங்களூரிலிருந்து நேத்ராணித் தீவுக்கோ அந்தமானுக்கோ டைவிங் போகிறவர்கள் சிலர், சிலிண்டர் காற்றைச் சோதிக்கச் சொந்தமாகக் கார்பன் மோனாக்சைடு (சிஓ) மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து பெட்டியிலேயே கிடக்கும் மீட்டர் '0' காட்டினால் அதை நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் செத்துப்போன சென்சாரும் 0 தான் காட்டும்.

இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, ஆனால் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 4 மடங்கு, அதனால் சிலிண்டரில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருந்தால் உடம்புக்கு அது கரையில் 40 பிபிஎம் காற்றைச் சுவாசிக்கிற மாதிரி. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021 அனுமதிப்பது 5 பிபிஎம் வரைதான். ஆக நமக்கு 4-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அந்த வித்தியாசத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஜீரோதான். ஜீரோ பட்டனை அழுத்தும்போது சுற்றிலும் என்ன காற்று இருக்கிறதோ, அதையே மீட்டர் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். 'சுத்தமான வெளிக்காற்றில் ஜீரோ செய்யவும்' என்று கையேட்டில் இருக்கும். எழுதியவர் வண்டிகள் நெரியும் நம்ம சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் வந்திருக்க மாட்டார். நம் நாட்டுக் காற்றுத்தர வரம்பே ஒரு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது சுமார் 3.5 பிபிஎம். 3 பிபிஎம் இருக்கிற பால்கனியில் ஜீரோ செய்தீர்கள் என்றால், 7 பிபிஎம் சிலிண்டர் 4 என்று காட்டிப் பாஸாகிவிடும். வீட்டுக்குள்ளே போனால் கேஸ் அடுப்பு, கொசுவத்தி, சாம்பிராணி. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜனைக்கூட இந்த வகை சென்சார் சிஓ என்றுதான் எண்ணும். சானிடைசர் போட்ட கையோடும் தொடாதீர்கள், ஆல்கஹால் ஆவிக்கும் சில சென்சார்களில் எண் ஏறும்.

அதனால் இரண்டு சிலிண்டர் வாங்கிவிடுங்கள்: ஒன்று சிஓ இல்லாத சுத்தக் காற்றான ஜீரோ ஏர், இன்னொன்று மீட்டரின் மேல் அளவைச் சரிசெய்ய (இதைத்தான் ஸ்பான் என்பார்கள்) 10 அல்லது 20 பிபிஎம் சிஓ கலந்த ஸ்பான் கேஸ். பீன்யா மாதிரி தொழிற்பேட்டைகளுக்கு கேலிப்ரேஷன் (மீட்டரைச் சரிபார்த்துத் திருத்தும்) கேஸ் சப்ளை செய்கிறவர்களிடம் விசாரிக்கலாம். "பேலன்ஸ் ஏரா, நைட்ரஜனா சார்?" என்று கேட்பார்கள், அதாவது சிஓ போக மீதி என்ன வாயு என்று. ஏர் என்று சொல்லுங்கள், சென்சாருக்குள் நடக்கும் வேதிவினைக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் தேவை. அலுமினிய சிலிண்டராக இருக்கட்டும், காலாவதி தேதியையும் பாருங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் விடுகிற ரெகுலேட்டர் போட்டால் 58 லிட்டர் சிலிண்டர் கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஓடும், ஒரு தடவைக்கு 5 நிமிடம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நண்பர்களோடு பங்கு போட்டு வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.

இனி வேலை எளிது. ஜன்னலைத் திறந்து வைத்து, மீட்டரை ஆன் செய்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். கேலிப்ரேஷன் மூடியை மாட்டி, கேஸ் வெளியேற வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் எண் பொய் சொல்லும். முதலில் ஜீரோ ஏர், எண் அசையாமல் நின்றதும் ஜீரோ. அடுத்து ஸ்பான் கேஸ். 10 பிபிஎம் கேஸ் என்றால் எண் முதலில் கிடுகிடுவென ஏறும், 8-க்கு மேல் நிதானமாகும், 9.6, 9.7 என்று ஊர்ந்து போகும். அங்கே அவசரப்பட்டு பட்டனைத் தட்டாதீர்கள், இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். நின்ற பிறகு சான்றிதழில் உள்ள அளவைக் கொடுங்கள், 10.2 என்று இருந்தால் 10.2 தான், 10 அல்ல. அப்புறம் மறுபடி ஜீரோ ஏர் விட்டு, எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பல நிமிடம் ஆகியும் எண் ஏறவே திணறினாலோ, மீட்டர் ஸ்பானை ஏற்க மறுத்தாலோ, சென்சாரின் காலம் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

பெங்களூரில் 900 மீட்டர் உயரத்தில் கேலிப்ரேட் செய்ததைக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். ஆக்சிஜன் அளவு பார்க்கும் அனலைசர் என்றால் அதை அங்கே போய்த் திரும்ப கேலிப்ரேட் செய்தே ஆகவேண்டும். நுண்துளை வழியாக வாயுவை உள்ளே விடுகிற சிஓ சென்சாரை உயர வித்தியாசம் அவ்வளவாகப் பாதிக்காது. வெப்பம்தான் பாதிக்கும், நேத்ராணிக்குப் படகு ஏறும் முருடேஷ்வர் வெயிலில் ஜீரோ நகர்ந்திருக்கலாம். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, சிகரெட் பிடிக்கிற நண்பர் ஒருவரை ஜிப் பையில் ஊதச் சொல்லி அதற்குள் மீட்டரை வையுங்கள், எண் நன்றாகவே ஏறும். இது உயிர்ச் சோதனை மட்டும்தான், இதை வைத்து ஸ்பான் செய்துவிடாதீர்கள்.

டைவ் சிலிண்டரைச் சோதிக்கும்போதும் வால்வை லேசாகத் திறந்து, அதே அரை லிட்டர் ஓட்டத்தில்தான் காற்றை விடவேண்டும். 5 பிபிஎம் தாண்டினால் அடுத்த சிலிண்டரையும் பாருங்கள். எல்லாமே அப்படித்தான் என்றால் கம்ப்ரஸரின் காற்றிழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எண்ணெய் சூடேறிக் கருகியிருக்கலாம். என்ன காரணமாக இருந்தாலும் அன்று அந்தக் காற்றோடு இறங்காதீர்கள்.